கட்டு, பிணை, பூட்டு: தமிழின் இணைப்பு வினைகள்

மொழி பொருள்களுக்குப் பெயரிடுவதோடு அமைவதில்லை. ஒரு பொருள் மற்றொரு பொருளோடு எவ்வாறு உறவுகொண்டு நிற்கிறது என்பதையும் அது வகைப்படுத்திக் காட்டுகிறது. அவ்வகைப்பாடு பெரும்பாலும் வினைச்சொற்களில் பொதிந்து கிடக்கிறது. நாள்தோறும் எடுத்தாளும் சொற்களாதலின் அவற்றின் நுட்பம் நம் கருத்துக்கு எட்டுவதில்லை. இரண்டு பொருள்களை ஒன்று சேர்க்கும் செயலைத் தமிழ் எத்தனை வினைகளால் குறிக்கிறது, அவ்வினைகளுக்குள் என்ன வேறுபாடு உண்டு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உழவர் வீட்டுக் காளை ஒன்றைச் சான்றாகக் கொள்வோம். இரவில் அதனைத் தொழுவத்து முளையில் கட்டுகின்றனர். விடியலில் அவிழ்த்துச் சென்று ஏரில் பூட்டுகின்றனர். அறுவடைக்குப் பின் களத்தில் வேறு மாடுகளோடு பிணைத்துப் போரடித்தனர். அவ்வாறு பிணைத்த மாட்டு வரிசைக்குப் பிணையல் என்று பெயர். காளை ஒன்றே, கயிறும் ஏறத்தாழ ஒன்றே. வினைகளோ மூன்று. கட்டுதல், விலகிச் செல்லாதவாறு நிறுத்துவது. பூட்டுதல், ஒரு கருவியோடு பொருத்தி இயங்கச் செய்வது. பிணைத்தல், தம்முள் ஒத்தவற்றை ஒன்றை ஒன்று விடாதவாறு சேர்ப்பது. ஏர் கட்டு, வண்டி கட்டு எனக் கட்டுதல் பொதுவினையாகப் பல இடங்களிலும் செல்லும். ஆயின், முளையில் மாட்டைப் பூட்டினான் என்று ஒருவரும் கூறார். இணைப்பு எத்தகையது, எதன்பொருட்டு நிகழ்ந்தது என்னும் செய்தி வினைச்சொல்லிலேயே அடங்கிவிடுகிறது.

மூன்று வினாக்கள்

இவ்வினைகளை வகைப்படுத்த மூன்று வினாக்களை எழுப்பிப் பார்க்கலாம்.

முதல் வினா, இணைக்கப்படும் பொருள்களுக்கு இடையே நிற்பது எது என்பது. கயிறோ நாரோ சுற்றி வந்தால் கட்டுகிறோம். ஊசியும் நூலும் ஊடுருவினால் தைக்கிறோம். துளை வழியே நூல் சென்றால் கோக்கிறோம். பசை நின்றால் ஒட்டுகிறோம். ஆணி சென்றால் அறைகிறோம். உலோகத்தை உருக்கிச் சேர்த்தால் பற்றவைக்கிறோம். இடைப்பொருள் எதுவும் இன்றி ஒன்றின் வடிவு மற்றொன்றின் வடிவுக்கு இடங்கொடுத்தால் பொருத்துகிறோம். தச்சர் ஒரு மரத்தில் துளை செய்து, மற்றொரு மரத்தின் முனையைச் செதுக்கி அதனுள் இறக்குவது இவ்வகையினது.

இரண்டாம் வினா, சேர்ந்த பின்னர் அப்பொருள்கள் தம் வடிவோடு நிற்கின்றனவா என்பது. கோத்த மணிகள் மணிகளாகவே இருக்கின்றன. தஸ்பீஹ் மணியின் நூல் அறுந்தால் மணிகள் உருண்டோடும்; மணிக்குக் கேடில்லை. நெய்த நூலோ துணி என்னும் புதுப்பெயர் பெற்றுவிடுகிறது. முடைதலுக்கும் நெய்தலுக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கு நோக்குதல் தகும். பனையோலைப் பெட்டியை முடைகின்றனர். அங்குத் தறி இல்லை, விரல்களே கருவி. கோரைப்பாயை நெய்கின்றனர்; அங்குப் பாவு வேறு, ஊடை வேறு. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் முஸ்லிம் குடும்பங்கள் பல தலைமுறையாக நெய்துவரும் பாய், பாவு நூலினூடே மெல்லிய கோரையைச் செலுத்தி உருவாவது. ஆகவே அது பாய் நெய்தலாயிற்று.

பூக்கடைகளில் இந்த வேறுபாட்டை இன்றும் காணலாம். மல்லிகையின் காம்புகளை வாழைநாரின் சுருக்கில் வைத்து இறுக்கினால் அது தொடுத்தல். பூவினூடே ஊசியைச் செலுத்தினால் அது கோத்தல். தொடுத்தலில் பூ துளைபடுவதில்லை, கோத்தலில் துளைபடுகிறது. தொடையல், பிணையல், கோதை என மாலைக்குத் தமிழில் வழங்கும் பெயர்களே இணைக்கும் முறைகளை நினைவூட்டுகின்றன.

மூன்றாம் வினா, இணைந்தவை மீண்டும் எவ்வாறு பிரியும் என்பது. இதுவே மூன்றனுள்ளும் தலையாயது.

பிரிக்கும் சொற்கள்

ஒவ்வோர் இணைப்பு வினைக்கும் அதற்கேற்ற பிரிப்பு வினையைத் தமிழ் வைத்திருக்கிறது. கட்டியதை அவிழ்க்கிறோம். தைத்ததைப் பிரிக்கிறோம். கோத்ததை உருவுகிறோம். அறைந்த ஆணியைப் பிடுங்குகிறோம். மாட்டியதையும் திருகி முடுக்கியதையும் கழற்றுகிறோம். ஒட்டியதைப் பெயர்க்கிறோம், அல்லது உரிக்கிறோம். பெட்டியில் இட்ட பூட்டைத் திறக்கிறோம். இச்சொற்களை இடம் மாற்றி வழங்கினால் பொருள் கெடும். தையலை அவிழ்த்தான் என்றால் தையற்கலை அறியாதவர் பேச்சு என்று தையற்காரர் உணர்ந்துகொள்வார்.

பிரிக்கும் வினை, பிரித்த பின் எஞ்சுவது யாது என்பதையும் சுட்டுகிறது. அவிழ்த்த கயிறு மீண்டும் பயன்படும். பிரித்த துணியில் ஊசித்துளை தெரியும். பெயர்த்த இடத்தில் வடு நிற்கும். இணைத்தவர் கைத்திறன் மட்டுமன்றி, பிரிப்போர் செய்ய வேண்டிய முறையும் அவர் அடையக்கூடிய இழப்பும் இணைப்பு வினையிலேயே குறிக்கப்பட்டு விடுகின்றன. ஒரு பொருளைக் கெடாமல் பிரிக்க விரும்புவோர், அது எவ்வாறு இணைக்கப்பட்டது என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

மாந்தர் உறவுகளைப் பேசும்போதும் இச்சொற்களே வருகின்றன. தொடர்பு அறுந்தது என்கிறோம். நட்பு முறிந்தது என்கிறோம். அறுவது கயிறு, முறிவது கோல். அறுந்த கயிற்றை மீண்டும் முடிந்துகொள்ளலாம். முடிச்சு மட்டும் கைக்குத் தட்டுப்படும். முறிந்த கோலை அவ்வாறு சேர்ப்பது அரிது. குடும்ப வழக்குகளைத் தீர்த்துவைக்கும் பெரியோர் இவ்வேறுபாட்டை இலக்கணம் கற்று அறிந்தவர் அல்லர். ஆயினும் சொல்லைத் தேர்ந்தே வழங்குகின்றனர்.

தன்வினையும் பிறவினையும்

இணைப்பு வினைகளுள் சில தன்வினை, பிறவினை என இருநிலையும் பெறும். பொருந்தினான், பொருத்தினான், சேர்ந்தான், சேர்த்தான், இணைந்தான், இணைத்தான் எனக் காண்க. பூண் என்பதன் பிறவினையே பூட்டு. இவ்வினைகளில் பொருள்கள் தாமே ஒன்றுகூடவும் செய்யலாம். பிறர் ஒருவர் கூட்டவும் செய்யலாம். கட்டு, தை, கோ, முடை ஆகியவற்றிற்கு அந்த இருநிலை இல்லை. அவற்றில் செய்பவர் வேறு, செயப்படுபொருள் வேறு. கயிறு தானே சென்று கட்டிக்கொள்வதில்லை.

இந்த இலக்கண வேறுபாடு வாழ்வில் எங்குச் சென்று முடிகிறது என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மணமக்கள் இல்லறத்தில் இணைந்தனர் என்று அழைப்பிதழில் எழுதுகிறோம். பிணங்கி நின்ற கணவன் மனைவியரைச் சேர்த்து வைத்தோம் என்று ஊர்ப் பெரியவர் கூறுகிறார். சேர்வதற்கு உரியோர் சேர்ந்தனர், தாம் துணைநின்றோம் என்பது அதன் குறிப்பு. ஆனால், அந்தப் பெண்ணை அவனுக்குக் கட்டி வைத்துவிட்டார்கள் என்னும் தொடரில் அவளுடைய விருப்பத்திற்கு இடமே இல்லை. ஒரு வினைச்சொல்லின் மாற்றத்தால் பெண் செயப்படுபொருளாகி விடுகிறாள். நாம் எந்த வினையைத் தேர்கிறோம் என்பது நாம் எதனைக் கண்டோம், எதனைக் காணத் தவறினோம் என்பதையும் காட்டிவிடும்.

கடலும் கலமும்

இணைக்கும் முறை உயிரைக் காக்கும் அறிவாகவும் இருந்தது என்பதற்குக் கடற்கரை சான்று. கட்டுமரம் என்னும் பெயரே அதன் செய்முறையைக் கூறிவிடுகிறது. செதுக்கிய மரங்களைக் கயிற்றால் கட்டிக் கடலில் செலுத்துவர். கரை திரும்பியபின் அவிழ்த்து மரங்களை உலர்த்துவர். அவிழ்க்கக் கூடியதாதலின் அது கட்டுமரம். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்புளூஸ் என்னும் கிரேக்கக் கடற்பயணக் கையேடு, தென்னிந்தியக் கரையில் பெரிய ஒற்றை மரங்களைப் பிணைத்துச் செய்த சங்கரா என்னும் கலங்களைக் குறிப்பிடுகிறது. கட்டுமரம் என்னும் சொல்லை ஆங்கிலம் கட்டமரான் என ஏற்றுக்கொண்டது. இரட்டை உடலுடைய நவீனக் கப்பல்களுக்கும் இன்று அப்பெயரே உலகெங்கும் வழங்குகிறது. தென்னை நாரைக் குறிக்கும் காயர் என்னும் ஆங்கிலச் சொல்லும் தென்னிந்தியக் கயிற்றிலிருந்து சென்றதேயாகும்.

கட்டிய கலம் ஒருவகை. தைத்த கலம் மற்றொருவகை. பலகைகளை ஆணியால் அறையாது, விளிம்புகளில் துளையிட்டுத் தென்னைநார்க் கயிற்றால் தைத்துச் செய்யும் படகுகள் இந்தியப் பெருங்கடலின் கரைகளில் நெடுங்காலம் வழங்கின. சென்னையில் துறைமுகம் அமைவதற்கு முன் கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்கையும் அலைகளினூடே கரைசேர்த்த மசூலாப் படகுகள் இவ்வகையின. 14ஆம் நூற்றாண்டில் இப்பகுதிகளில் பயணம் செய்த இப்னு பதூதா, இந்தியாவிலும் யமனிலும் கலங்களைத் தென்னைநார்க் கயிற்றால் தைக்கின்றனர் என்று எழுதி, அதற்குக் காரணமும் கூறியுள்ளார். ஆணி அறைந்த கலம் பாறையில் மோதினால் உடையும். தைத்த கலம் நெகிழ்ந்து கொடுத்துத் தப்பும் என்பது அவர் கூறிய காரணத்தின் சாரம்.

ஆணி அறைந்தது உறுதியானது, கயிற்றால் தைத்தது உறுதி குறைந்தது என்று நாம் எண்ணுகிறோம். கரையில் நிற்கும் கதவுக்கு அது பொருந்தும். அலையில் செல்லும் கலத்திற்கு நெகிழ்வே உறுதி. தைத்தல், அறைதல் என்னும் இரு சொற்களைப் பிரித்து வைத்திருந்த மக்கள், இரண்டிற்கும் உரிய இடத்தையும் அறிந்திருந்தனர். இன்று கண்ணாடியிழைப் படகுகள் மிகுந்துவிட்டன. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் அவை மேலும் பெருகின. அவற்றை அச்சில் வார்க்கின்றனரேயன்றிக் கட்டுவதும் இல்லை, தைப்பதும் இல்லை. தொழில் மாறுவது இயல்பு. அதனைத் தடுக்க இயலாது, தடுக்கவும் வேண்டா. தொழிலோடு சேர்ந்து சொல்லும், சொல்லோடு சேர்ந்து அறிவும் போய்விடாமல் பதிவு செய்வதே நம் கடமை.

செய்யுளும் நூலும்

கைத்தொழிலில் பிறந்த இச்சொற்களைத் தமிழ் இலக்கணம் தன் கலைச்சொற்களாக ஆக்கிக்கொண்டது. யா என்னும் வினைக்குக் கட்டுதல் என்பது பொருள்; அதிலிருந்து யாப்பு வந்தது. எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்னும் உறுப்புகளுள் தளையும் தொடையும் இணைப்பைக் குறிப்பன. தளை என்றால் விலங்கு; நின்ற சீரின் இறுதி அசையும் வரும் சீரின் முதல் அசையும் பிணைந்து நிற்கும் நிலை. வெண்பாவில் அப்பிணைப்புத் தவறினால் தளை தட்டியது என்கிறோம். மோனை, எதுகை, முரண், இயைபு ஆகிய தொடைகள் சொற்களையும் அடிகளையும் பூத்தொடுப்பதுபோல் இணைக்கின்றன. ஒரு பாட்டின் முடிவை அடுத்த பாட்டின் முதலோடு கோப்பது அந்தாதி. இஸ்லாமியத் தமிழ்ப் புலவர்களும் அவ்வகையில் பலவாகப் பாடியுள்ளனர். கோவை, மாலை, தொகை என்னும் பெயர்களும் இவ்வழியில் வந்தனவே.

ஓலைச்சுவடி இதனைக் கண்முன் காட்டும். எழுதிய ஏடுகளில் துளையிட்டுக் கயிற்றில் கோத்து, மேலும் கீழும் சட்டம் வைத்துக் கட்டினர். கோத்ததனால் ஏடுகள் வரிசை மாறா; கட்டியதனால் சிதறா. இரண்டு வினைகளும் இரண்டு வேலைகளைச் செய்தன. நன்னூற் பாயிரமோ இன்னும் முன்னே செல்கிறது. சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் உருவகித்து நூல் என்னும் பெயருக்கு விளக்கம் தருகிறது.

சொல்லும் சொல்லும் சேர்வதைப் புணர்ச்சி என்றனர். வாழைமரம் என்பதில் இரு சொற்களும் மாறாது நிற்கின்றன. பூங்கொடியில் ஓர் எழுத்துத் தோன்றுகிறது. பொற்குடத்தில் ஓர் எழுத்துத் திரிகிறது. மரவேரில் ஓர் எழுத்துக் கெடுகிறது. பொருத்தும் தச்சர் மரத்தின் முனையைச் செதுக்குவது போன்றதே இது. பதம் பிரித்தல், சந்தி பிரித்தல், சீர் பிரித்தல் என்று வகுப்பறையில் நாள்தோறும் கூறுகிறோம். இங்கும் விதி அதுவே: சேர்த்த முறையை அறியாதவர் பிரிக்க இயலாது. பொற்குடத்தைப் பொற், குடம் எனப் பிரிக்கும் மாணவர் தையலைக் கத்தியால் கிழிப்பவருக்கு ஒப்பாவார்.

தொடரும் கட்டும்

இஸ்லாமியத் தமிழ் வழக்கில் இவ்வினைகள் பெற்றிருக்கும் இடம் தனித்து நோக்கத்தக்கது. நபிமொழி ஆய்வில் அறிவிப்பாளர் ஒருவர்பின் ஒருவராக நிற்கும் வரிசையைத் தொடர் என்கிறோம். தொடர் அறாது வந்தது முத்தஸில். இடையில் அறுந்தது முன்கதிஃ. மெய்ம்மையற்ற செய்தியையோ இட்டுக்கட்டப்பட்டது என்கிறோம். தொடர்தல் ஒன்றன்பின் ஒன்றாக வருவது. எந்தக் கண்ணியையும் தொட்டு ஆராயலாம். இட்டுக்கட்டுதல், இல்லாததைக் கொண்டுவந்து வைத்து ஒருவர் முடிந்துவிடுவது. இரண்டும் இணைப்பே. ஒன்று வாய்மைக்கும் மற்றொன்று பொய்மைக்கும் உரியதாயிற்று. கட்டுக்கதை என்னும் பொதுவழக்கும் இதனோடு ஒப்பிடத்தக்கது. பொருந்தாதவற்றை இணைப்பவரை மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறார் என்று மக்கள் நகையாடுவதும் இக்கருத்தினதே.

அரபு மொழியிலும் இவ்வகை வளர்ச்சியைக் காணலாம். முடிச்சிடுதலைக் குறிக்கும் வேரிலிருந்தே உடன்படிக்கையைக் குறிக்கும் அக்து என்னும் சொல்லும், உறுதியான கொள்கையைக் குறிக்கும் அகீதா என்னும் சொல்லும் தோன்றின. திருமறை திருமண உறவை நிக்காஹின் முடிச்சு என்னும் பொருள்பட உக்தத்துன் நிக்காஹ் என்று குறிக்கிறது. வடமொழியில் கட்டுதலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த பந்தம், சம்பந்தம் என்னும் சொற்களைத் தமிழும் ஏற்று, சம்பந்தி என்று உறவுமுறை கூறுகிறது. தமிழில் கட்டளை, கட்டுப்பாடு, பிணை ஆகியன நிற்கின்றன. நீதிமன்றத்தில் பிணை என்றும் ஜாமீன் என்றும் வழங்குகிறோம். ஜாமீன் என்பது பொறுப்பேற்பவரைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழி வந்தது. ஒருவருக்காக மற்றொருவர் தம்மைப் பிணைத்துக்கொள்வதே பிணை. உறுதிமொழியைக் கண்ணால் காண இயலாது; ஆகவே கயிற்றையும் முடிச்சையும் காட்டி மொழிகள் அதனை விளக்கின.

இன்றைய நிலை

இத்துணை வினைகளும் இன்று ஒன்றிரண்டாகச் சுருங்கி வருகின்றன. கதவைப் பொருத்துவதும், மின்விசிறியை மாட்டுவதும், ஆணியை அறைவதும் ஃபிக்ஸ் பண்ணுவதாகிவிட்டன. தாளை ஒட்டுவதும், ஊக்கால் குத்துவதும், நூலால் கோப்பதும் அட்டாச் பண்ணுவதாகிவிட்டன. பிறமொழிச் சொல் வருவது குற்றமன்று. பொத்தானும் சாவியும் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்து நம்மோடு தங்கிவிட்டன. புதுப்பொருளோடு புதுப்பெயர் வந்தது. ஆயின் அவை வந்ததனால் பூட்டுதலும் மாட்டுதலும் அழியவில்லை. இன்று வரும் சொல் ஒரு சொல்லுக்கு மாற்றாக வரவில்லை. ஏழெட்டுச் சொற்களின் இடத்தை ஒன்றாக அடைத்துக்கொள்கிறது. இணைத்தான் என்பது மட்டும் விளங்குகிறது. எவ்வாறு இணைத்தான், எவ்வாறு பிரிப்பது என்பன விளங்குவதில்லை.

தூய தமிழில் எழுதுவோரிடமும் இக்குறை உண்டு. கணினித் துறையில் மின்னஞ்சலோடு அனுப்பும் கோப்பும் இணைப்பு, ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்திற்குச் செல்லும் வழியும் இணைப்பு, மின்வலையோடு கணினி கொள்ளும் உறவும் இணைப்பு என்று எழுதுகின்றனர். இணையம் என்பது அழகிய ஆக்கமே. ஆனால் அதனைச் சார்ந்த அனைத்தையும் அவ்வொரு வேரிலேயே தொங்கவிட வேண்டுவதில்லை. சேர்த்தனுப்புவதை இணைப்பு என்றும், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அழைத்துச் செல்வதைத் தொடுப்பு என்றும், இடையறாத உறவைத் தொடர்பு என்றும் பிரித்து வழங்கலாம். சிலர் அவ்வாறு வழங்கியும் வருகின்றனர். அகராதியில் முன்னரே இருக்கும் வேறுபாட்டைக் கலைச்சொல் ஆக்கத்தில் பயன்படுத்துவதே அறிவுடைமை.

இதற்குத் தமிழ் மாணவர் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. தத்தம் ஊரில் தையற்காரர், தச்சர், பூக்கட்டுவோர், பாய்நெய்வோர், வலைபின்னுவோர், புத்தகம் தைப்போர் ஆகியோரை அணுகி, இருவகை வினாக்களைக் கேட்டு எழுதி வரலாம். இதனைச் சேர்ப்பதற்கு என்ன சொல், இதனைப் பிரிப்பதற்கு என்ன சொல் என்பவை அவை. முதுகலை மாணவர்களின் கள ஆய்வுக்கும் இது தக்க பொருளாகும். முதியோர் பலர் இன்னும் அச்சொற்களோடு வாழ்கின்றனர், கேட்பாரின்மையால் சொல்லாதிருக்கின்றனர்.

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பது பழமொழி. நார் மணப்பது ஒருபுறம் இருக்க, நாரின்றிப் பூக்கள் மாலையாவதில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. சொற்றொடரில் பெயர்ச்சொற்களே பூக்களாகக் கண்ணுக்குத் தெரிகின்றன. வினைகளே அவற்றை நாராக நின்று தாங்குகின்றன. கட்டுதலும் பிணைத்தலும் தொடுத்தலும் கோத்தலும் வேறுவேறு என்று அறிந்தோர், எதனை இறுக்குவது, எதனை நெகிழவிடுவது, எதனை வடுப்படாமல் அவிழ்ப்பது என்பதையும் அறிவர். அவ்வறிவு தச்சர் பட்டறைக்கும் வேண்டும். யாப்பிலக்கண வகுப்பிற்கும் வேண்டும். குடும்பத்தையும் ஊரையும் சேர்த்து வைக்க முனையும் பெரியோர்க்கும் வேண்டும்.